படத்தில் செத்தவன்

நான் செத்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழாம் வருஷம், தை மாதம், ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணி சுமாருக்கு. மத்தியானம் எழுந்து சாப்பிட்டேன். குழம்பில் உப்பு இல்லை.

சினிமாவில்தான் செத்தேன். ‘நாளைக்குச் சாகிறேன்’ என்று படத்துக்குப் பெயர். கறுப்பு வெள்ளை. சிரிப்புப் படம் என்று போஸ்டரில் போட்டிருந்தது. பார்த்தவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்ததாகக் கேள்வி. கதை இதுதான்: காப்பி எஸ்டேட் வைத்திருக்கிற மாமனார் சாகமாட்டேன் என்கிறார். காத்திருந்து அலுத்துப்போன மூன்று மருமகன்களும் வேறு யாரையோ பாடையில் படுக்கவைத்து, மாமனார் போய்விட்டார் என்று ஊரறிய அடக்கம் செய்கிறார்கள். அந்த வேறு யாரோ நான்.

படக்காரர்கள் செம்மநத்தத்துக்கு மேலே இருக்கிற எங்கள் மொட்டக்காட்டுக்கு வந்து, மூச்சை அடக்கத் தெரிந்த ஆள் யார் என்று கேட்டபோது ஊரே என்னைக் காட்டியது. அதற்கு முந்தின வருஷம் ஏற்காட்டு ஏரியில் ஒரு பந்தயத்துக்காக முங்கினேன். நான் மேலே வந்தபோது பந்தயம் கட்டினவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்திருந்தார்கள். படப்பிடிப்பிலும் அப்படித்தான். பிலிம் தீர்ந்தது, என் மூச்சு தீரவில்லை. நெஞ்சின் மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டு போனது. எஸ்டேட் கம்பவுண்டர் சந்தேகப்பட்டு நாடியைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

வினை அழுகையில் வந்தது. சுற்றி நின்று அழுவதற்கு எங்கள் ஊர்ச் சனத்தைக் கூப்பிட்டார்கள். அப்போதைய ஊர்க்கவுண்டர் ஒத்துக்கொள்ளவில்லை.

“பொய்ப் பொணத்துக்கு அழுதா, மெய்ப் பொணம் ஒண்ணு உழுமுங்க. அழுகோணும்னா முறையெல்லாம் முழுசாச் செஞ்சுதான் அழுவோம். பாதியில நிறுத்தச் சொல்லப்படாது.”

டைரக்டருக்கு வாயெல்லாம் பல். நிஜமான சுடுகாடு, நிஜமான சடங்கு, செலவும் இல்லை. என்னைக் குளிப்பாட்டினார்கள், வாய்க்கரிசி போட்டார்கள். என் தம்பி மாதேஷ் நீர்க்குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்றுச் சுற்றி, திரும்பிப் பார்க்காமல் பின்னால் போட்டான். டைரக்டர் ‘கட்’ என்று கத்தினார். நான் எழுந்தேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு இலை இல்லை. காக்கைக்குச் சோறு வைக்கிற கல்லின் மேல் தனியாக ஓர் இலை போட்டிருந்தது. குப்பாயியைப் பார்த்தேன். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். அவள் தலையில் காலையில் இருந்த பூ இல்லை. நெற்றியும் வெறுமையாக இருந்தது.

எங்கள் ஊர் முறை சிக்கல் இல்லாதது. நீர்க்குடம் உடைந்தால் போனவன் போனவன்தான். உடையாமல் உருண்டுபோனால் சாமி ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம், எழுந்து வரலாம். என் பாட்டனாரின் தாய்மாமன் ஒருவர் அப்படிப் பாடையிலிருந்து எழுந்துவந்து, அதன்பிறகு நாலு பிள்ளை பெற்றார். ஆகவே கேள்வி ஒன்றே ஒன்று: என் குடம் உடைந்ததா, இல்லையா?

இதை ஊரில் யாரும் பார்த்திருக்க முடியாது. குடம் விழும்போது எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பது முறை. தரையில் தேடவும் வழியில்லை. சுடுகாட்டில் ஓட்டுச் சில்லுக்கா பஞ்சம்? அங்கே முந்நூறு வருஷத்து ஓடு கிடக்கிறது. படக்காரர்களின் வாய்ச்சொல்லை ஊர் எடுக்காது. பார்த்தது காமிரா ஒன்றுதான். அப்புறம் பாடையில் கிடந்த நான். ஒரு கண்ணை லேசாகத் திறந்தேன். குடம் ஒரு கல்லின் மேல் விழுந்து சுக்குச் சுக்காகத் தெறித்தது. ஐம்பத்தெட்டு வருஷத்தில் இதை எழுதுவது இதுதான் முதல் தடவை.

அன்றைக்கு ஊர் நடுவில் நின்று வேறு மாதிரி சொன்னேன். “ஒடையலீங்க! நம்பிக்கை இல்லீன்னா படம் வந்ததும் போட்டுப் பாருங்க!”

படம் ஒன்றரை வருஷம் கழித்து வந்தது. சேலத்தில் பதினோரு நாள் ஓடியது. அந்தப் பதினோரு நாளும் மழை. மண் சரிந்து மலைப்பாதையில் பஸ் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. மழைக்கு நான் பொறுப்பில்லை. பாதை திறந்தபோது படப்பெட்டி போய்விட்டது. பிறகு படக் கம்பெனியின் கிடங்கே எரிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அதன்பிறகு எனக்குத் தைரியம் அதிகமாகிவிட்டது. எந்தப் பஞ்சாயத்திலும், “படத்தைப் போட்டுப் பாருங்க” என்று மார்தட்டினேன்.

நாங்கள் ஏற்காடு டவுனுக்கு வந்து ஒரு லைன் வீட்டில் குடியேறினோம். எல்லாத் தேர்தலிலும் ஓட்டுப் போட்டேன், ரேஷன் வாங்கினேன். சர்க்காருக்கு நான் உயிரோடுதான் இருந்தேன். மொட்டக்காட்டுக்கு மட்டும் இல்லை. ஊர்க்காரர்கள் என்னிடம் விரோதம் பாராட்டவில்லை. பிரியமாகத்தான் பேசுவார்கள், ஆனால் நான் இறந்துபோனவன் என்கிற முறையில் பேசுவார்கள். எதிரில் நிற்கிற என்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவரிடம், “பொன்னுவேலு நல்ல மனுசனா இருந்தாரு” என்பார்கள். செத்தவனுக்குப் பிள்ளை பிறக்காது என்றார்கள். பிறக்கவும் இல்லை.

குப்பாயி டவுனில் பூ வைத்துக்கொள்வாள். ஊருக்குப் போகிற நாளில், செம்மநத்தம் திருப்பம் வந்ததும் கை தானாகத் தலைக்குப் போகும். பூவை எடுத்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொள்வாள். நெற்றியை முந்தானையால் துடைத்துக்கொள்வாள். திரும்பி வரும்போது அதே திருப்பத்தில் வாடின பூவை எடுத்து மறுபடி சொருகிக்கொள்வாள். ஊரில் யாராவது குடத்துப் பேச்சை எடுத்தால் உடையவில்லை என்று சண்டைக்குப் போவாள், பூவைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இந்த வருஷம் கார்த்திகையில் அவளுக்குக் கால் வீங்கியது. பிறகு மூச்சு. சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் வைத்திருந்துவிட்டு, இருதயம் களைத்துவிட்டது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், பத்து நாளோ பதினைந்து நாளோ என்றார்கள். அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மிடறு குடித்தாள்.

“ஏனுங்க,” என்றாள். “நான் போறப்ப என்னைய நம்மூருல மஞ்சப் பூசி, பொட்டு வெச்சு, பூ வெச்சு அனுப்பச் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல.”

நான் டீ கிளாசைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரருக்குக் காசை இரண்டாம் தடவையும் கொடுத்தேன்.

ஆக, குப்பாயி சாவதற்குள் நான் உயிரோடு வந்தாக வேண்டும்.

மறுநாள் மொட்டக்காட்டுக்குப் போனேன். ஜீப்பை ஓட்டியது ரிஸ்வான். கடைவீதியில் டி.வி., செல்போன் பழுது பார்க்கிற கடை அவனுடையது. அவன் தகப்பனார் பக்கீர் முகமது எனக்கு நாற்பது வருஷச் சிநேகிதர். இப்போதைய ஊர்க்கவுண்டர் ஜீவானந்தம், எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எனக்குப் பங்காளி முறையில் மகன். எதையும் கண்ணால் பார்த்து எழுதித்தான் பழக்கம். அவர் ரிஸ்வானைப் பார்த்துப் பேசினார்.

“எங்க சித்தப்பா இருந்திருந்தா, சித்தி கேக்கறதுல தப்பில்லீங்க. அவுரு போயி அம்பத்தெட்டு வருசமாச்சே. கட்டுனவன் போனவளுக்கு எப்படிங்க பூ வெக்கறது?”

“ஜீவா, நான் இங்கதான் நிக்கறேன்,” என்றேன்.

“நொம்ப நல்லாப் பேசுவாரு,” என்றார் ரிஸ்வானிடம். “கொடம் ஒடையலைன்னு சாகற வரைக்கும் சொன்னாரு. செத்ததுக்கு அப்புறமும் சொன்னாரு. சாட்சி வேணுமில்லீங்க?”

பழக்கம் பொல்லாதது. என் கை தானாக மாரில் தட்டியது. “படத்தைப் போட்டுப் பாருங்க!”

ரிஸ்வான் சிரித்துக்கொண்டே செல்போனை எடுத்தான். “மாமா, உங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு சொல்லாம வெச்சிருந்தேன். அந்தப் படத்தோட ஒரு பிரதி எங்கியோ கிடைச்சு, மெட்ராஸ்ல சுத்தம் பண்ணி டிஸ்க்கா போட்டிருக்காங்க. ஊட்டுலயே போட்டுப் பாக்கலாம். நான் ஆர்டர் போட்டுட்டேன். ஞாயித்துக்கெழமை கையில வந்துரும்.”

ஜீவானந்தம் முதல் தடவையாக மகிழ்ந்துபோனார். “அப்புறமென்னுங்க! ஞாயித்துக்கெழமை சமுதாயக் கூடத்துல போடுங்க. ஒடையலைன்னா பொதங்கெழமையே சித்தப்பாவத் திருப்பிச் சேத்துக்குவோம். ஒடைஞ்சிருந்தா, சித்தி தப்பா நெனைக்கக்கூடாது.”

மூச்சை அடக்கத் தெரிந்தவன் என்று பெயர் வாங்கினவன் ஜீப்பில் மூச்சுக்குத் திணறினேன்.

டவுனுக்கு வந்ததும் அந்த மெட்ராஸ் கம்பெனியின் நம்பரை ரிஸ்வானிடம் வாங்கி, ஏரிக்கரைக்குப் போய்க் கூப்பிட்டேன். படத்தைச் சுத்தம் செய்த பெண்ணே எடுத்தாள். தீபிகா என்றாள்.

“கண்ணு, அந்தச் சுடுகாட்டு சீன்ல பொணமாப் படுத்திருக்கறது நானுங்க.”

“அங்கிள்! நீங்க உயிரோட இருக்கீங்களா?”

“அதத்தான் ஞாயித்துக்கெழமை முடிவு பண்றாங்க. ஒரு ஒதவி வேணும். கொடத்தப் போடற எடத்தை மட்டும் கொஞ்சம் வெட்டிப்போட முடியுமா?”

“ஐயோ, படத்துலயே நல்ல ஷாட் அதுதான். அந்த ரீல் எவ்வளவு மோசமா இருந்துச்சு தெரியுமா? ஒரே கீறல், தூசி, புள்ளி. எல்லாத்தையும் கம்ப்யூட்டரே தேடித் தேடி எடுத்துடுச்சு. இப்பப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கும்.”

கண்ணாடி மாதிரி. அதுதானே எனக்குக் கலக்கம்? டிஸ்க் வேறு அச்சாகி, கிளம்பியும் விட்டதாம். அதற்குள் ஏதாவது மண் சரியாதா என்று மலைப்பாதையைப் பார்த்தேன். வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. சேர்வராயன் கோயில் குகைக்குள் போய் நின்று, ‘நீ பார்த்தாயே, நீயாவது சொல்லேன்’ என்று கேட்க நினைத்தேன். அவர் பார்த்ததும் உடைந்ததைத்தானே என்று ஞாபகம் வந்து, கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் குப்பாயிக்குக் கஞ்சி ஊட்டும்போது சொன்னேன். “குப்பாயி, நாளைக்குப் படம் வேண்டாம்னு சொல்லிப்போடலாமா?”

“ஏனுங்க?”

“அந்தக் கொடம்…”

“ஒடைஞ்சுது,” என்றாள். “நானும் முந்தானைக்குள்ள இருந்து பாத்தனே.”

கரண்டி என் கையிலேயே நின்றது. “அப்புறம் ஏன் இத்தன வருசம் ஒடையலைன்னு எல்லார்கிட்டயும் சண்டை போட்டே?”

“நீங்க ஒடையலைன்னீங்க. நான் வேற என்னத்தச் சொல்லட்டும்?” கஞ்சிக்கு வாயைத் திறந்தாள். “போடட்டும் உடுங்க. நான் இன்னும் படத்தப் பாக்கவே இல்லையே.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஜீப்பின் பின்சீட்டில் மெத்தை போட்டு அவளைப் படுக்கவைத்துக் கூட்டிப்போனோம். முன்சீட்டில் பெரிய டி.வி., என் மடியில் டிஸ்க் போடுகிற பெட்டி. செம்மநத்தம் திருப்பம் வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, கண்ணாடியில் தெரிந்தது. தூக்கவே முடியாத கையைத் தூக்கிப் பூவை எடுத்தாள். சுருக்குப் பையின் கயிற்றை இழுக்கத்தான் முடியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டாள்.

சமுதாயக் கூடத்தில் ஜன்னலை எல்லாம் சாத்தி, நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். படம் தொடங்கியது. எங்கள் ஊர் ஆட்கள் தெரிகிற இடமெல்லாம் ரகளை.

“அதா, எங்கப்பன்! அந்தச் சட்டையப் போட்டுட்டுத்தான் எங்கம்மாளப் பொண்ணு பாக்கப் போனாராம்!”

“நிறுத்து சாமி, திருப்பிப் போடு. அது எங்க ஆடு!”

ஒவ்வொரு தடவை திருப்பிப் போடும்போதும் எனக்கு ஒரு நிமிஷம் ஆயுசு கூடியது. ஆனால் படம் என்றால் முன்னால் போகத்தானே செய்யும். சுடுகாடு வந்தது. பாடையில் இருபத்திரண்டு வயசுப் பயல் ஒருவன் கிடந்தான். என்ன அழகாகச் செத்திருந்தான்! பக்கத்தில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பதினேழு வயசுப் பெண். குப்பாயி மெத்தையிலிருந்து தலையைத் தூக்கி, “அது நானா?” என்றாள்.

மேளம் அடித்தது. மாதேஷ் மூன்றாவது சுற்றை முடித்தான். தோளிலிருந்து குடம் கிளம்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மேளச் சத்தம் நின்றது. அடுத்த காட்சியில் மருமகன்கள் பேசுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன்.

“திருப்பிப் போடுங்க,” என்றார் ஜீவானந்தம்.

திருப்பிப் போட்டார்கள். மூன்றாம் தடவை ரிஸ்வானை ஒவ்வொரு படமாக நிறுத்தி நகர்த்தச் சொன்னார். குடம் காற்றில் இருந்தது. அடுத்ததில் கல்லுக்கு ஒரு சாண் மேலே. அடுத்ததில் கல்லைத் தொட்டது. அடுத்ததில் கல் இருந்தது, புல் இருந்தது, குடம் இல்லை. ஒரு சில்லு இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் தெறிக்கவில்லை. கழுவிவிட்ட மாதிரி சுத்தமான புல். அதற்கடுத்தது மருமகனின் மூஞ்சி.

ஜீவானந்தம் எழுந்து போய், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, டி.வி.யைத் துண்டால் துடைத்துவிட்டுப் பார்த்தார். “கொடம் எங்கீங்க?”

“சாமி எடுத்துக்கிச்சு,” என்றாள் வெள்ளையம்மாள். ஊரிலேயே மூத்தவள், எனக்கு வாய்க்கரிசி போட்டவர்களில் மிச்சமிருப்பவள் அவள் ஒருத்திதான்.

“அதெப்படிங்க பெரியம்மா…”

“எப்படின்னா? உனக்குத் தெரியுமா? ஒடைஞ்சிருந்தா ஓடு எங்க? காட்டு பாக்கலாம்!”

ஜீவானந்தம் டி.வி.யில் அந்தக் கல்லைச் சுற்றி விரலை வைத்துத் தேடினார். முப்பத்தாறு வருஷம் காப்பி மூட்டையைக் கண்ணால் பார்த்து எண்ணி எழுதினவர். “ஓடு இல்லீங்க,” என்றார் கடைசியாக. “இல்லாத ஓட்ட இருக்குதுன்னு நான் சொல்ல முடியாது. ஒடையல.”

பிறகு என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். “சித்தப்பா, கதவத் தொறந்தா பனி அடிக்குது பாருங்க. உள்ள தள்ளி உக்காருங்க.”

நான் தள்ளி உட்கார்ந்தேன். மூக்கு ஒழுகியது. பனிதான்.

திங்கட்கிழமை தீபிகா கூப்பிட்டாள். குரலில் அழுகை. “சாரி அங்கிள். பெரிய தப்பு நடந்துபோச்சு. குடம் உடையற இடத்துல, தெறிக்கிற துண்டையெல்லாம் கம்ப்யூட்டர் தூசின்னு நெனைச்சு எடுத்துடுச்சு. நாங்களும் கவனிக்கல. இப்ப ஒவ்வொரு துண்டா திரும்ப வெச்சுட்டோம். வாங்கின எல்லாருக்கும் புது டிஸ்க் அனுப்பறோம். உங்களுக்குத்தான் முதல்ல.”

“வேண்டாங்க கண்ணு. அப்படியே நல்லா இருக்குது.”

“அதெப்படி அங்கிள்? உண்மையா எடுத்தது எதுவோ அதுதானே இருக்கணும்?”

“கண்ணு, உனக்குப் புண்ணியமாப் போகும். என்ற ஊட்டுக்காரிக்கு…” லைன் கட்டாகிவிட்டது. ஏரிக்கரையில் சிக்னல் அவ்வளவுதான். திரும்பக் கூப்பிட்டபோது டிஸ்க் கூரியரில் ஏறிவிட்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை முழுக்க ரிஸ்வான் கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். கூரியர்காரன் வரவில்லை. புதன்கிழமை விடிந்ததும் குப்பாயியை வேறு ஜீப்பில் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். என்னைச் சுனையில் குளிப்பாட்டினார்கள், பாலைத் தொட்டு நாக்கில் வைத்தார்கள், காதில் மூன்று தடவை என் பெயரைச் சொன்னார்கள். மூன்றாம் தடவை சொல்லும்போது ரிஸ்வானின் ஜீப் வந்து நின்றது. கையில் ஓர் உறை.

“மாமா, புது டிஸ்க்! இதுல இன்னும் தெளிவா இருக்குமாம்! எல்லாரும் மறுபடி பாக்கலாம்!”

நல்ல பிள்ளை. கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவன். அந்த நேரத்தில் அவனைச் சுனையில் தள்ளிவிடலாமா என்று பார்த்தேன்.

“சாயங்காலம் போடுவோம்,” என்றார் ஜீவானந்தம் உற்சாகமாக. “அன்னைக்குப் படத்துல மூஞ்சி சரியாத் தெரியாத ஆளுங்க நொம்பப் பேரு இருந்தாங்க.”

அப்போது பெண்கள் குப்பாயியைச் சுற்றி நின்றிருந்தார்கள். வெள்ளையம்மாள் மஞ்சளைப் பூசினாள், குங்குமம் வைத்தாள். கனகாம்பரச் சரம் ஒரு முழம். ஐம்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு ஊருக்குள் அவள் தலையில் பூ. அதைத் தொட்டுப் பார்க்கக் கை எழவில்லை. நான் அவள் கையைப் பிடித்துத் தூக்கி, பூவின் மேல் வைத்தேன்.

“ரிஸ்வானு,” என்றாள். “அத இங்க குடு சாமி.”

உறையை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்து, அதன்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சாயங்காலம் ஜீவானந்தம் வந்து கேட்டபோது தூங்கிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமையும் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பி எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை.

முந்தின நாளே வெள்ளையம்மாளிடம் சொல்லிவைத்திருக்கிறாள்: “எங்க ஊட்டுக்காரர் நடிச்ச படமுங்க. என்ற கூடவே வெச்சுருங்க.” சுருக்குப் பையோடு அந்த உறையையும் சேலைக்குள் வைத்துக் கட்டினார்கள். மஞ்சள், பொட்டு, பூ எல்லாம் இருந்தது. மொட்டக்காட்டுப் பெண்கள் அத்தனை பேரும் வந்து அழுதார்கள். முழுசாக அழுதார்கள்.

அதே சுடுகாடு. அந்தக் கல்கூட அங்கேயே இருந்தது. மாதேஷின் மகன் நீர்க்குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்றுச் சுற்றினான். என் கண் அந்தக் கல்லுக்குப் போனது. ஜீவானந்தம் என் தோளைத் தொட்டு, “சித்தப்பா, பாக்கப்படாதுங்க,” என்றார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. மேளமாகவும் இருக்கலாம்.